தூதனின் செவி

1

பாதிரிமார் எழுதிய புத்தகங்களை நாம் இலக்கியமாக வாசிப்பதில்லை. அவர்களுக்கென்று நம்மிடம் இரண்டே இடங்கள் உண்டு. ஒன்று, ‘தமிழ்த்தொண்டு புரிந்த மேனாட்டார்’ என்ற பள்ளிக்கூடப் பாடம். அதில் எல்லோரும் ஒரே முகத்தோடு வரிசையாக நிற்கிறார்கள். மற்றது, ‘ஏகாதிபத்தியத்தின் கைக்கருவி’ என்ற தீர்ப்பு. அதிலும் எல்லோருக்கும் ஒரே முகம்தான். மாலை போடுகிறவரும் சரி, குற்றப்பத்திரிகை வாசிக்கிறவரும் சரி, அந்த மனிதர்கள் எழுதிவைத்த வாக்கியங்களைப் படித்தாக வேண்டிய சிரமத்திலிருந்து தப்பித்துக்கொள்கிறார்கள்.

வீட்டைவிட்டு வெகுதூரம் அனுப்பப்பட்ட ஓர் இளைஞன், தனக்குத் தெரியாத பாஷை பேசும் ஜனங்களிடம், தனக்கு மிக நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைச் சொல்லப் போகிறான். இந்த அனுபவம் எழுத்தில் என்னவாகிறது? அவன் சொல்லப்போனது சத்தியமா இல்லையா என்ற விவகாரத்தை அவரவர் கோயிலில் தீர்த்துக்கொள்ளட்டும். விமர்சகனுக்கு வேறு கேள்வி இருக்கிறது. கையில் பதிலோடு புறப்பட்டவனிடமிருந்து எழுத்து பிறக்க முடியுமா? முடியுமென்றால், எந்த இடத்தில் பிறக்கிறது?

இந்தக் கேள்வி அமெரிக்காவின் மார்மன் சபை இளைஞர்களைப் பற்றிய இரண்டு புத்தகங்களைப் படித்தபோது எழுந்தது. பிறகு நம் திருநெல்வேலிச் சீமையில் அலைந்த பழைய பாதிரிமாரிடம் அது என்னை இழுத்துக்கொண்டு போயிற்று. சங்கரன்கோவிலில் உட்கார்ந்து இவற்றைப் படிப்பதில் ஒரு பொருத்தம் உண்டு. சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர், சங்கரன்கோவில் என்று விரியும் இந்தக் கரிசல் வட்டாரம் முழுவதும் ஒரு காலத்தில் மிஷன் அறிக்கைகளில் ‘வட திருநெல்வேலி’ என்று பெயர் பெற்றிருந்தது. சொல்ல வந்தவர்கள் கூடாரம் அடித்துத் தங்கிய இடம் இது. பெரும்பாலும் யாரும் கேட்காமல் போன இடமும் இதுவே.

2

மார்மன் ஊழியனின் வாழ்க்கை ஓர் ஏற்பாட்டுக்கு உட்பட்டது. 2012இலிருந்து ஆண்கள் 18 வயதிலேயே புறப்படலாம். அதற்கு முன் 19. இரண்டு வருஷம். எந்த நாடு என்பதைச் சபை தீர்மானிக்கும். அவன் தேர்ந்தெடுக்க முடியாது. வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டை, மார்பில் பெயர் பொறித்த கறுப்புத் தகடு. தனியாக எங்கும் போகக் கூடாது. எப்போதும் ஒரு துணைவன் கூடவே இருப்பான். அவனையும் சபையே நியமிக்கும், சபையே மாற்றும். வீட்டுக்கு வாரம் ஒரு கடிதம். 2019 வரை தொலைபேசியில் பெற்றோர் குரலைக் கேட்பது வருஷத்துக்கு இரண்டே முறை: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். படிப்பதற்கு வேதநூல்களும் சபை அனுமதித்த வேறு சில புத்தகங்களும் மட்டுமே.

இந்தக் கடைசி விதியைக் கவனிக்க வேண்டும். மனசு முதன்முதலாகப் பசியோடு திறக்கிற வயது 18. நம்மில் பலர் அந்த வயதில்தான் நூலகத்து அலமாரியில் கண்டதையும் எடுத்து வாசித்து, ஊரோடும் வீட்டோடும் கொஞ்சம் விலகிப்போனோம். அதே வயதில் அவன் நான்கைந்து புத்தகங்களோடு ஓர் அந்நிய தேசத்தில் இறக்கிவிடப்படுகிறான். ஆகவே அவன் படிக்கக்கூடிய புதிய புத்தகம் ஒன்றே ஒன்றுதான்: எதிரில் நிற்கும் மனிதர்கள். சபை இதை உத்தேசித்திருக்காது. ஆனால் விளைவு அப்படித்தான் ஆகிறது.

ஜான் க்ரோபெர்க் 1950களின் மத்தியில் தென் பசிபிக்கின் டோங்கா தீவுகளுக்கு அனுப்பப்பட்ட அமெரிக்க இளைஞர். பிற்காலத்தில் சபையில் உயர்ந்த பதவிக்கு வந்தவர். அவருடைய நினைவுக்குறிப்புகள் 1993இல் புத்தகமாக வந்தன. 2001இல் திரைப்படமாகவும் எடுத்தார்கள். படத்தில் வருகிற ஒரு விஷயம்: பாஷை வராமல் தவிக்கும் இளைஞன், ஆங்கில பைபிளையும் டோங்கா பைபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஒப்பிட்டுப் படித்தே பேசக் கற்றுக்கொள்கிறான். பார்ப்பதற்கு உருக்கமாக இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் சங்கடமாகவும் இருக்கிறது. அவன் கற்றுக்கொள்ளும் டோங்கா மொழியின் ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில், அவனுக்கு முன்பே தெரிந்த ஒரு வசனம் காத்திருக்கிறது. புதிய பாஷையில் பழைய புத்தகத்தையே மறுபடி வாசிக்கிறான்.

இந்த எழுத்தின் பலவீனம் அங்கேதான். புயல் வருகிறது, பசி வருகிறது, சாவு வருகிறது; எல்லாம் வந்து, கடைசியில் ஒரு பாடமாக முடிகிறது. தீவு ஜனங்களின் பரிவு உண்மையானது, எழுதியவரின் நன்றியும் உண்மையானது. ஆனால் எந்தச் சம்பவமும் அதன் பாடத்தைத் தாண்டி மிஞ்சுவதில்லை. வீட்டுக்கு எழுதும் வாரக் கடிதத்தின் உருவம் புத்தகத்தின் உருவமாகிவிட்டது. அம்மா கவலைப்படக் கூடாது, சபை சோர்ந்துபோகக் கூடாது. எனவே ஒவ்வொரு கஷ்டமும் வாக்கியம் முடிவதற்குள் ஆசீர்வாதமாகிவிட வேண்டும். உருவம் உள்ளடக்கத்தைத் தின்றுவிடுவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எளிதில் கிடைக்காது.

3

ரயன் மக்கில்வெய்னின் ‘எல்டர்ஸ்’ (2013) நாவல். எழுதியவர் சபையில் வளர்ந்து, பின்னர் விலகியவர். களம் பிரேசில். மக்லவுட் என்ற அமெரிக்க ஊழியனும் பாஸோஸ் என்ற பிரேசில் ஊழியனும் ஓர் அறையில் இருக்கிறார்கள். மக்லவுடுக்கு விசுவாசம் நழுவிக்கொண்டிருக்கிறது. பாஸோஸுக்கு விசுவாசமும் இருக்கிறது, அமெரிக்கா போய்ப் படிக்க வேண்டுமென்ற ஆசையும் இருக்கிறது. வெளியே இராக் போரின் காலம். தெருவில் அமெரிக்கன் என்றாலே முறைக்கிறார்கள்.

விசுவாசத்தை இழக்கிற வெள்ளைக்கார இளைஞனின் கதை நமக்குப் பழகியது. ஐரோப்பிய நாவல் அதை நூறு விதமாக எழுதித் தள்ளிவிட்டது. இந்த நாவலில் புதிதாக இருப்பவன் பாஸோஸ். தன் சொந்த தேசத்தில், தன் சொந்த பாஷையில், வெளியிலிருந்து வந்த ஒரு செய்தியைச் சொல்கிறவன் அவன். அவனுக்கு அந்நியம் எது? கூட நடக்கிற துணைவன்தான். க்ரோபெர்க்கின் கதையில் டோங்கா துணைவன் ஒரு நல்ல உதவியாளன். அவனுக்கென்று உள்வாழ்க்கை கிடையாது. மக்கில்வெய்னிடம் அந்த உதவியாளன் எழுந்து உட்கார்ந்து தன் கணக்கைக் கேட்கிறான். யாருடைய சபை இது, யாருடைய தேசம் இது, என் பக்தியில் எத்தனை பங்கு உன் தேசத்து விசா? இந்தக் கேள்விகள் வந்தவுடனே நாவலுக்கு உயிர் வருகிறது. கடிதத்தில் எழுத முடியாததை எழுதத்தான் நாவல் என்ற உருவம் இருக்கிறது என்பதை இந்த இளம் எழுத்தாளர் உணர்ந்திருக்கிறார். மக்லவுடின் சந்தேகங்களை அவர் கொஞ்சம் அதிகமாகவே விளக்கிச் சொல்கிறார் என்பது வேறு விஷயம்.

4

மார்மன்கள் தமிழ்நாட்டுக்கும் வந்தார்கள். 1853 ஜூலையில் ரிச்சர்ட் பாலன்டைன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், ராபர்ட் ஸ்கெல்டன் என்ற இளைஞருடன் சென்னையில் இறங்கினார். பேச்சும் பிரசுரமும் ஆங்கிலத்தில். கேட்டவர்களும் பெரும்பாலும் ஆங்கிலம் அறிந்த ராணுவத்தினரும் அவரைச் சார்ந்த சிறு வட்டமும்தான். ஒரு பத்திரிகைகூட அச்சிட்டுப் பார்த்தார். முந்தின வருஷம்தான் சபை பலதார மணத்தைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டிருந்தது; அந்தச் செய்தி அவர்களுக்கு முன்பே ஊருக்குள் வந்து கதவுகளைச் சாத்திவிட்டது. சரியாக ஒரு வருஷத்தில் பாலன்டைன் கப்பலேறினார். சில ஞானஸ்நானங்கள் நடந்தன. தமிழில் அவர் வந்துபோன சுவடு எதுவும் இல்லை. வந்தவர் தமிழின் வாசலை மிதிக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அதே சபைக்கு 1993இல் பெங்களூரில் ஒரு மிஷன் அமைந்தது. 2018இல் அங்கே கோயில் கட்டுவதாகவும் அறிவித்தார்கள். இடையில் கிடப்பது ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு.

பாலன்டைன் கப்பலேறிய அதே 1854இல், நம் பக்கத்தில் வேறொரு காரியம் தொடங்கியது. தாமஸ் ராக்லண்ட் கேம்பிரிட்ஜில் படித்து அங்கேயே ஆய்வாளராக இருந்தவர்; சென்னையில் சர்ச் மிஷனரி சங்கத்தின் காரியதரிசி. அந்த நாற்காலியை விட்டுவிட்டு, ஃபென், மெடோஸ் என்ற இரண்டு இளைஞர்களுடன் வட திருநெல்வேலிக்கு வந்தார். பங்களா இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, கூடாரம்தான். ஊர் ஊராகப் போவது, சில நாள் தங்குவது, பிறகு கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த ஊர். தெற்கே ஏற்கெனவே வேரூன்றியிருந்த சபைகளிலிருந்து தமிழ் உபதேசிமார் முறைவைத்து வந்து உடன் நடந்தார்கள். உடம்பு ஏற்கெனவே சீர்கெட்டிருந்தது. 1858 அக்டோபரில் சிவகாசியில் இறந்துபோனார், வயது 43. பலன் என்று எண்ணிக் காட்ட அவர் கையில் மிகக் கொஞ்சமே இருந்தது.

இந்தத் தோல்வியைத்தான் ஏமி கார்மைக்கேல் 1922இல் புத்தகமாக எழுதினார். டோனாவூர் அம்மா என்று நம் ஜில்லா அறிந்த அதே அயர்லாந்துப் பெண்மணி. 1895இல் இந்தியாவுக்கு வந்தவர், 1951இல் இறக்கும்வரை ஊர் திரும்பவில்லை. ராக்லண்டைப் பற்றிய புத்தகத்தைவிட முக்கியமானது, அவர் 1903இல் வெளியிட்ட வேறொரு புத்தகம். தலைப்பைத் தமிழில் ‘உள்ளது உள்ளபடி’ எனலாம். திருநெல்வேலிக் கிராமங்களிலிருந்து எழுதிய விவரங்கள். அந்தக் கையெழுத்துப் பிரதி முதலில் திருப்பி அனுப்பப்பட்டது. இன்னும் உற்சாகமூட்டுகிற மாதிரி எழுதும்படி கேட்டார்கள். அவர் மாற்ற மறுத்தார். பிறகு அது வெளிவந்தபோது தலைப்பே பதிலாக நின்றது.

மிஷனரி எழுத்தின் சரித்திரத்தில் இதை ஒரு விமர்சனச் சம்பவம் என்றே நான் கொள்கிறேன். கடிதத்தின் விதியை ஒரு பெண் மீறியிருக்கிறார். சாத்திய கதவுகள், பேச்சின் நடுவே வேறு பக்கம் திரும்பிவிடும் முகங்கள், வருகிறேன் என்று சொல்லி வராமல் போனவர்கள் என எல்லாம் பாடமாக உருமாறாமல் அப்படியே நிற்கின்றன. க்ரோபெர்க்குக்கு வாய்க்காதது இவருக்கு வாய்த்தது. நம் கிராமத்துத் தெருவும் திண்ணையும் பேச்சும் அந்த வருஷங்களில் எப்படி இருந்தன என்பதை, தமிழில் உரைநடை தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்த அந்தக் கட்டத்தில், இவர் அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தவர்கள் குறைவு.

ஆனால் இங்கே நின்றுவிட முடியாது. கார்மைக்கேல் தோல்வியைப் பார்த்தார். தோல்வியின் காரணத்தைப் பார்க்கவில்லை. மறுத்தவர்களின் மறுப்புக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை இருக்கிறது, ஒரு நிறைவுகூட இருக்கக்கூடும் என்பது அவர் கண்ணில் படவில்லை. கோயில் என்றால் அவருக்கு இருட்டு. சங்கரன்கோவிலில் கோமதி அம்மன் தபசு செய்து, ஒரு பாதி சிவனும் ஒரு பாதி திருமாலுமாகச் சங்கரநாராயணரைக் காண்கிறாள். சங்கன், பதுமன் என்ற இரு நாக ராஜாக்கள் எந்தத் தெய்வம் பெரிது என்று தீராமல் வாதாடிய வழக்கு அதோடு முடிகிறது. ஆடித்தபசுக்கு வருஷா வருஷம் லட்சக்கணக்கில் கூடுகிற ஜனங்களுக்கு இது தர்க்கம் அல்ல, காட்சி. வாதத்தால் தீராததை ஓர் உருவத்தால் தீர்க்கிற மனப்பாங்கு அது. ஒன்றே சரி, மற்றது பிழை என்ற ஏற்பாட்டோடு வந்த ஒருவருக்கு இது குழப்பமாகவோ இருட்டாகவோதான் தெரியும். நாணயம் அவரிடம் முழுக்க இருந்தது. செவி பாதிதான் திறந்திருந்தது.

5

மறுபாதியும் திறந்தவர் ஒருவர் உண்டென்றால், அது போப். அவரையும் நாம் வாசிக்காமலே வணங்குகிறோம். ஆக்ஸ்போர்டில் உள்ள அவர் கல்லறையில் ‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்’ என்று எழுதியிருப்பதாக மேடைக்கு மேடை சொல்லப்படுகிறது. அந்தக் கல்லில் அப்படி ஒரு வாசகம் இல்லை. தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்றும், பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் போதித்தவர் என்றும், குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்த கல் என்றும் அங்கே பொறித்திருக்கிறது. இது நம் கட்டுக்கதையைவிட அழகான செய்தி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நமக்கு அது போதவில்லை. ஒரு வெள்ளைக்காரர் சாகும்போதும் நமக்கு மாணவனாக இருந்து நம்மைப் பெருமைப்படுத்த வேண்டும்.

உண்மையான போப்பிடம் வேறு கதை இருக்கிறது. 1839இல், 19 வயதில், சென்னையில் வந்து இறங்கினார். இன்றைய மார்மன் ஊழியனின் வயதுதான். ராமாநுஜ கவிராயரிடம் தமிழ் கற்றார். பிறகு சாயர்புரம், தஞ்சை, உதகை, பெங்களூர். குறளின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது 1886இல். அதன் முன்னுரையில், மயிலாப்பூரில் வள்ளுவர் கிறிஸ்தவப் போதகர்களோடு பழகியிருக்கக்கூடும் என்று ஊகிக்கிறார். நாற்பத்தேழு வருஷம் கழித்தும், வள்ளுவரிடம் அவர் கேட்டது தான் கொண்டுவந்த குரலின் எதிரொலியைத்தான். டோங்கா பைபிளை ஆங்கில பைபிளோடு ஒப்பிட்டுப் படித்த இளைஞனின் காரியம்தான் இதுவும், பாண்டித்தியத்தோடு.

ஆனால் 1900இல் திருவாசகம் வருகிறது. போப்புக்கு வயது 80. இங்கே அவர் தன் வேதத்துக்கு ஆதாரம் தேடிக்கொண்டு போகவில்லை. சைவ சித்தாந்தத்தின் உள்கட்டுமானத்தைப் பொறுமையாக அதன் சொந்தச் சொற்களில் விளக்க முயல்கிறார். கடைசிவரை கிறிஸ்தவராகவே இருந்தார்; தன் விசுவாசத்தை ஒளிக்கவும் இல்லை. ஆனால் இன்னொருவனுடைய அழுகையை இன்னொருவனுடைய அழுகையாகவே கேட்க முடிந்திருக்கிறது. 19 வயதில் சொல்ல வந்தவருக்குக் கேட்கக் கற்றுக்கொள்ள அறுபது வருஷம் பிடித்திருக்கிறது. இரண்டு வருஷத்தில் வீடு திரும்புகிறவன் எழுதுவது ஏன் பெரும்பாலும் கடிதமாகவே நின்றுவிடுகிறது என்பதற்கு இதில் ஒரு பதில் உண்டு.

6

இதுவரை பேசியது வந்தவர்களைப் பற்றி. கேட்டவர்கள் எங்கே? பாளையங்கோட்டையில் ரேனியஸுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் திருப்பாற்கடல்நாதன் கவிராயர். 1832இல் ரேனியஸ் தமிழில் ‘பூமி சாஸ்திரம்’ எழுதினார் என்றால், அந்த வாக்கியங்களுக்குள் கவிராயரின் காதும் நாக்கும் இருந்திருக்க வேண்டும். ராமாநுஜ கவிராயர் தன் எதிரே உட்கார்ந்து எழுத்துக்கூட்டிய அந்த இளைஞனைப் பற்றி என்ன நினைத்தார்? ராக்லண்டின் கூடாரத்துக்கு முறைவைத்து வந்துபோன உபதேசியார், மாதம் முடிந்து ஊர் திரும்பி மனைவியிடம் என்ன சொன்னார்? பாஸோஸின் இடத்தில் நின்றவர்கள் இவர்கள். தமிழில் இவர்களுக்கு ஒரு நாவல் இல்லை.

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை ஒருவர்தான் அந்த இடத்திலிருந்து பெரிய அளவில் எழுதியவர். கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராகி, 1858இல் மதம் மாறினார். பனியனின் கதையை எடுத்து 1894இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ செய்தார். அந்தக் காப்பியத்தின் ஓசை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் கம்பனிடம்தான் போக வேண்டும். செய்தி மாறிற்று, காது மாறவில்லை. சங்கரநாராயணர் பாதிப் பாதியாக நிற்பது போன்ற ஒரு காரியம் இது. வெற்றி பெற்ற காவியமா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் வந்தவர்கள் யாரும் செய்ய முடியாததை அவர் முயன்றிருக்கிறார்.

பிறகு நம்மவர்களே புறப்பட்டார்கள். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கிற்று. பணமும் ஆளும் திருநெல்வேலியிலிருந்து. களம் நிஜாம் ராஜ்யத்தில் தோர்ணக்கல் பகுதி. அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா. பின்னால் தானே அங்கு போய்த் தெலுங்கு கற்றார். 1912இல் ஆங்கிலிகன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனார். 1910இல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிமாரின் முகத்துக்கு நேரே, உங்கள் தியாகமெல்லாம் சரி, எங்களுக்கு நட்பு வேண்டும் என்ற பொருள்படப் பேசினார். துணைவன் எழுந்து உட்கார்ந்து கணக்குக் கேட்ட சரித்திரக் கணம் அது. மக்கில்வெய்னின் நாவலுக்கு நூறு வருஷம் முந்தியது. ஆனால் தமிழ் இளைஞன் தெலுங்கு தேசத்தில் தன் பதிலோடு அலைந்தபோது, அவன் செவி எவ்வளவு திறந்திருந்தது என்று நாம் எழுதிப் பார்த்ததில்லை.

இது மதக்காரர்களின் பிரச்னை மட்டும் என்று வாசகர் ஒதுங்கிக்கொள்ள வேண்டாம். சிறு பத்திரிகைக்காரனும் பதிலோடு ஊருக்குள் வந்தவன்தான். வெள்ளைச் சட்டைக்குப் பதில் ஜோல்னாப் பை. வேதத்துக்குப் பதில் காஃப்கா, காம்யூ; அல்லது மார்க்ஸ்; அல்லது அதற்குப் பிறகு கப்பலில் வந்த ஏதோ ஒன்று. அனுமதிக்கப்பட்ட நான்கைந்து புத்தகங்களின் பட்டியல் நம்மிடமும் இருந்தது. தமிழ்ப் பிரதியை அந்தப் பட்டியலோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரிக்கு வரி ஒப்பிட்டுப் படித்தோம். கேட்க மறுத்தவனை இருட்டில் இருக்கிறவன் என்றோம். முந்நூறு பிரதி அச்சிட்டு, உற்சாகமூட்டும் அறிக்கைகளை ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டோம். ‘உள்ளது உள்ளபடி’ என்று தலைப்பிடக்கூடிய ஒரு புத்தகம், நாம் யாரிடம் பேசினோம், அவர் ஏன் கேட்கவில்லை என்று பாடம் சொல்லாமல் எழுதப்பட்ட ஒரு புத்தகம், நம் இயக்கத்திலிருந்து இன்னும் வரவில்லை.

அதற்குமுன் செய்யக்கூடிய சிறிய காரியம் ஒன்று இருக்கிறது. பாளையங்கோட்டையிலும் நாசரேத்திலும் இடையன்குடியிலும் பழைய கிறிஸ்தவக் குடும்பங்களின் பெட்டிகளில் உபதேசிமார் எழுதிய நாட்குறிப்புகளும் கடிதங்களும் கிடக்கக்கூடும். பாதிரியாரின் அறிக்கைக்குத் தகவல் தருவதற்காக எழுதப்பட்டவையாக இருக்கும். பெரும்பாலும் வறண்டவையாகவும் இருக்கும். அவற்றை யாராவது தேடி எடுத்து, தொண்டுப் பட்டியலுக்காகவோ குற்றப்பத்திரிகைக்காகவோ அல்லாமல், வாக்கியம் வாக்கியமாக வாசிக்க வேண்டும். இரண்டு பாஷைக்கும் நடுவே நடந்துபோன மனிதன் எந்த இடத்தில் தடுமாறுகிறான், எந்த இடத்தில் அறிக்கையை மறந்து தன்பாட்டுக்கு எழுதுகிறான் என்று பார்க்க வேண்டும். தமிழ் உரைநடையின் தொடக்கத்தில் நாம் இன்னும் கேட்காத ஒரு குரல் அங்கே இருக்கலாம்.